வாலு வெளிய நிக்குது

அந்த அளவை நம்பாதீங்க கொத்தனாரே, அது எங்க வீட்டுக்காரர் தன் வண்டியை அளந்தது. பதிமூணு அடியாம்! பின்னாடி சாமான் ஏத்துற தொட்டியே பாதி வண்டிக்கு இருக்கு, இதுல பதிமூணாம். நேத்து அதே வாயால பதினெட்டுன்னாரு. அளக்க அளக்க வளர்றதுக்கும் தேயறதுக்கும் அது என்ன நிலாவா?

நெட்டுல பாருங்கன்னேன். கம்பெனிக்காரன் போட்ட அளவு வெறும் வண்டிக்குத்தானாம், இவரு மாட்டின பம்பர் அதுல சேராதாம். சரி, நானாவது டேப்பைப் பிடிக்கிறேன்னா, நுனி பட்டு பெயிண்ட் கீறிடுமாம். கல்யாணத்தன்னிக்கு என் கையைக்கூட இவ்வளவு பதமாப் பிடிக்கல.

சிரிங்க, சிரிங்க. உங்களுக்கென்ன.

அதோ வாசல்ல துணியும் கையுமா நிக்கிறாரு பாருங்க. துடைச்ச இடத்தையே துடைச்சிக்கிட்டு. அந்தப் பக்கம் சேறு அப்பிக் கிடக்கு, அதைக் கேக்க ஆளில்ல.

இத்தனை வருஷமா சிநேகிதர் பட்டறையில கிடந்துச்சு. இப்ப பட்டறையை மூடறாங்க. வெயில்ல மழையில நிறுத்த மாட்டேன், நம்ம ஷெட்டுல அடங்கினா வச்சி ஓட்டுவேன், அடங்கலேன்னா வித்துடுவேன்னு சம்பந்தி வீட்டுல அத்தனை பேர் முன்னாலயும் வாயை விட்டிருக்காரு. மகா ரோஷக்காரரு. சொன்னா சொன்னதுதான்.

என்ன, நீங்க அளந்ததுல வண்டி பதினேழரையா? ஷெட்டு இருபதா? கதவைத் திறந்தாலும் இடிக்காதா?

மெதுவாப் பேசுங்க.

அடங்காதுன்னு சொல்லிடுங்க. ஆமா, நெசமாத்தான் சொல்றேன். நான் சொன்னா காதுல ஏறாது, பிள்ளைங்க சொன்னா சண்டை. நீங்க சொன்னா நம்புவாரு. சரிபார்க்கத் திரும்ப அளக்கவா போறாரு? அளந்தாத்தான் என்ன, எட்டை மூணுன்னு படிக்கிற கண்ணு.

போன வாரம் பட்டறையிலேர்ந்து எடுத்துக்கிட்டுப் போயி பேத்தியைப் பக்கத்துல உட்கார வச்சி ஓட்டியிருக்காரு. சிவப்பு விளக்கு தாத்தான்னு குழந்தை அலறின பெறகுதான் பிரேக்கு. வீட்டுல சொல்லாதேன்னு ஐஸ்கிரீம் வேற. அது ஐஸ்கிரீமையும் தின்னுட்டு என்கிட்ட வந்து சொல்லிடுச்சு.

கண்ணைப் பத்தி மட்டும் மூச்சு விட்டுடாதீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சிக்கிட்டிருக்காரு. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.

ஏங்க! அந்தத் துணியைப் போட்டுட்டு இப்படி வாங்க. உங்க வண்டி வாலு வெளிய நிக்குதாம்.