சீட்டில் இருந்த சொல்

— கத்தாதீங்க, லேத்துக்காரரே. நீங்க கத்துறது தெருவுக்குக் கேக்கும், எனக்குக் கேக்காது. கதையக் கேளுங்க, இந்த வீட்டுல இப்ப எல்லாம் எழுத்துலதான். பேப்பரும் பேனாவும் அந்த மேசை மேல இருக்கு.

— பொறுப்பாளர் சார், உங்க தங்கச்சிக்குச் சுத்தமாவே கேக்காதா?

— இடது காது போயே போச்சு. வலதுல ஒரு மெஷின் வச்சிருந்தோம். விசில் அடிக்குதுன்னு கழட்டி அலமாரியில போட்டுட்டா. பாருங்க, நீங்க வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். எட்டு மாசமா நான் பாத்துக்கிற துப்பாக்கி சுடுதளத்துப் பக்கமும் காணோம், வீட்டுப் பக்கமும் காணோம்.

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது, சார்? ரெண்டு தடவ இந்தத் தெருமுனை வரைக்கும் வந்தேன். ரெண்டு தடவயும் மருந்துக்கடையில ஒரு தலைவலி மாத்திரை வாங்கிட்டுத் திரும்பிப் போயிட்டேன்.

— என்னண்ணா, ரெண்டு பேரும் மீன் மாதிரி வாயத் திறந்து திறந்து மூடுறீங்க? எனக்கும் கொஞ்சம் எழுதிப் போடுறது.

— லெட்டரே எழுதிட்டு வந்திருக்கேன் அக்கா. நேத்து... அட, கேக்காதுல்ல. இந்தாங்க. பிடிங்க.

— அட! யார் எழுதினது? உங்க பொண்ணா?

— நான் அக்கா. நான்தான். நெஞ்சத் தொட்டுக் காட்டுறேன், அப்பவும் நம்ப மாட்டேங்கிறாங்களே சார்.

— நீங்களா! உங்க பில்லுல ‘திருகு’ன்னு எழுதினா நாங்க ‘திருடு’ன்னு படிச்சுட்டு யார்றா திருடன்னு தேடுவோமே! இது முத்து முத்தா இருக்கு. புள்ளி விட்டுப் போகல, சுழி பாதியில நிக்கல. பத்து வருஷம் சுடுதளத்துல ஸ்கோர் எழுதின என் எழுத்து தோத்துப் போகும் போங்க.

— ரெட்டைக்கோடு நோட்டு வாங்கினேன் சார். சாயந்தரம் லேத்த நிறுத்தினதும் கையக் கழுவிட்டு உட்காருவேன். தினம் ஒரு பக்கம். ஒரே வார்த்தைதான். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். ஏழு நோட்டு முடிஞ்சுது. யாருக்கு என்ன வேண்டாம்னு சம்சாரம் கேக்குறா.

— ஏழு நோட்டா?

— எட்டாவது பாதியில இருக்கு.

— சத்தமாப் படிக்கிறேன். என் குரல் ரொம்ப ஏறினா கை காட்டுண்ணா. ‘மதிப்புக்குரிய அக்காவுக்கு, மசில் பிரேக் செய்து கொடுத்த பாவி எழுதுவது.’ பாவி எல்லாம் எதுக்கு? ‘துப்பாக்கிக் குழலின் முனையில் நான் மாட்டிய அந்தத் திருகுத் துண்டில் பக்கத்துக்கு நான்கு துளைகள். வெடிக்கும்போது வரும் வாயு அந்தத் துளைகள் வழியாக இரண்டு பக்கமும் பீறிட்டுப் போகும். சுடுகிறவர் தோளில் உதை பாதியாகக் குறையும். ஆனால் பக்கத்தில் இருப்பவர் காதில் சத்தம் பல மடங்காக அறையும். எனக்கு இது தெரியும். அதனால்தான் கூடவே உங்கள் அண்ணனுக்குச் சீட்டு எழுதி அனுப்பினேன். முதல் இரண்டு குண்டு சுட்டுப் பார்க்கும்போது பக்கத்தில் ஆள் வேண்டாம் என்று எழுதினேன். அவசரத்தில் கிறுக்கினேன். வேண்டாம் என்பது வேண்டும் என்று படிக்கும்படி ஆகிவிட்டது. உங்கள் காதைக் கெடுத்தது என் கையெழுத்துதான்.’ ...கண்ணாடி மங்குது. இருங்க. மீதிய மனசுக்குள்ள படிக்கிறேன். நீங்க பேசிட்டிருங்க.

— அழுறாங்க, சார்.

— அழட்டும். உட்காருங்க.

— விசாரணையில சீட்ட என்கிட்டயே நீட்டினாங்களே. விசாரணைக் குழுவுல மூணு பேரும் மாத்தி மாத்தி ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாங்க. ‘இது டாவா டுவா, நீங்களே சொல்லுங்க’ன்னாங்க. நான் எழுதினத நானே சத்தியம் பண்ண முடியல. நீங்க வேண்டும்னு படிச்சதா சொன்னீங்க. அதுக்கு மேல என்ன பேச்சு? துப்பாக்கி வேலைக்கு இருந்த அனுமதிய எடுத்துட்டாங்க. இப்ப கேட்டுக்குக் கீல் கடையிறேன். எனக்கு அது வேணும் சார், நியாயமான தண்டனைதான்.

— போதும். பேசாதீங்க.

— ஏன் சார்?

— ஏழு நோட்டுன்னு நீங்க சொன்னதுல இருந்து இதக் கேட்டுக்கிட்டு உட்கார முடியல. பாருங்க... நான் சரியாத்தான் படிச்சேன்.

— எத?

— சீட்ட. வேண்டாம்னுதான் படிச்சேன். கிறுக்கல்தான், இல்லன்னு சொல்லல. ஆனா பதினஞ்சு வருஷமா உங்க கிறுக்கலப் படிச்சுப் படிச்சுப் பழகினவன் நான். ஒரு நொடி கூட சந்தேகம் வரல.

— சார், மெதுவா. அக்கா இங்கதான் இருக்காங்க.

— அவளுக்குக் கேக்காது. அந்த தைரியத்துலதான வாயே திறக்குறேன். என் கேவலத்தப் பாருங்க!

— அப்புறம் எதுக்கு சார் அவங்களப் பக்கத்துல உட்கார வச்சீங்க?

— அன்னைக்கு அணித் தேர்வு. பக்கத்துல ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு குண்டுக்கும் எழுதிக் கையெழுத்துப் போடலன்னா ஸ்கோர் செல்லாது. சுடுறவரு தோள் வலியோட வந்து நிக்கிறாரு. புது பிரேக்க முதல்ல தனியா சுட்டுப் பார்ப்போம்னு சொல்லியிருக்கணும். தேர்வு பண்ண வந்தவங்க கடிகாரத்தப் பார்க்குறாங்க. ரெண்டு குண்டுதானே, என்ன ஆயிடப் போகுதுன்னு நினைச்சேன். காதுல கவசம் மாட்டியிருக்கா, போதும்னு நினைச்சேன்.

— கவசம் மாட்டியிருந்தாங்களா?

— முதல் குண்டுக்கு மாட்டியிருந்தா. எங்க பட்டுதுன்னு கேக்க அதத் தூக்கினா. அவரு இவளப் பார்க்கல, ரெண்டாவதயும் அழுத்திட்டாரு. மூணு பக்கமும் தகரம் அடிச்ச கூடம். எனக்கே பல்லு அதிர்ந்துச்சு. ஸ்கோர் தாள்ல இவ எழுதிக்கிட்டிருந்த ஏழு கோணலா இழுத்துக்கிட்டுப் போய் மேசையில முடிஞ்சுது. அந்தத் தாள இன்னும் வச்சிருக்கேன்.

— கடவுளே.

— விசாரணையில கேட்டாங்க பாருங்க, வாய் தானா சொல்லிடுச்சு, வேண்டும்னு இருந்ததுன்னு. உங்க கையெழுத்து எனக்கு ஒளிஞ்சுக்க இடம் குடுத்துச்சு. அதுக்கப்புறம் அவ நாற்காலிய அங்க போட்டது யாருன்னு ஒருத்தரும் கேக்கல. இந்தக் காலத்துல எவன் ஒழுங்கா எழுதுறான், ஃபோனத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கையே மறந்து போச்சுன்னு குழுத் தலைவர் அரைமணி நேரம் பேசினாரு. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டினேன்.

— எட்டு மாசம் சார்.

— அடிக்கணும்னா அடிங்க.

— அடிக்கவா வந்தேன்? மன்னிப்புக் கேக்க வந்தேன். இப்ப இந்தக் கைய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

— கதையக் கேளு, லேத்துக்காரர் எதுக்கு எழுந்துட்டாரு? நீ ஏன்ணா சுண்ணாம்பு மாதிரி வெளுத்துட்ட? அவர என்ன சொன்ன?

— எழுதிக் குடுங்க, சார்.

— ஃபோன்ல அடிச்சுக் காட்டிடுறேன். அது சுலபம்.

— ஃபோன எடுக்காதண்ணா. அதுல வந்தா டாக்டர், தபால்காரர், நீ, எல்லாரும் ஒரே குரல்ல பேசுறீங்க. பேனாவுல எழுதினாத்தான் பேசுறது யாருன்னு எனக்குக் கேக்குது.

— கேட்டுச்சா சார்? இந்தாங்க பேனா.

— நீங்க எழுதுங்களேன். உங்க எழுத்துதான் இப்ப நல்லா இருக்கு.

— என் எழுத்துல உங்க தப்ப இன்னொரு தடவ எழுதச் சொல்றீங்களா?

— ஐயோ, அப்படி இல்ல. கை நடுங்குது, பாருங்க.

— எனக்கும் முதல் நோட்டு முழுக்க நடுங்குச்சு. ஒவ்வொரு எழுத்தா போடுங்க. அவசரமே இல்ல.

— ‘பாப்பா’ன்னு எழுதிட்டேன். அடுத்து வர மாட்டேங்குது.

— சீட்டுல என்ன இருந்ததோ, அத எழுதுங்க. அந்த ஒண்ணு வந்துட்டா மத்தது பின்னாலயே வரும்.

— இவ்வளவு நேரமா என்னண்ணா எழுதுற? ஸ்கூல்ல லீவு லெட்டர் எழுதுறப்பதான் இப்படி நாக்கக் கடிப்ப.

— இந்தா, பாப்பா. வாங்கிக்க.

— எழுத்து ஏன் இப்படி ஆடுது? லேத்துக்காரர் பழைய எழுத்த உனக்குக் குடுத்துட்டாரா? ‘பாப்பா, சீட்டில் வேண்டாம் என்றுதான் இருந்தது. நான் சரியாகப் படித்தேன். தெரிந்தேதான் உன்னை உட்கார வைத்தேன். அப்புறம் அவர் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.’

— பாப்பா, என்னத் திட்டு. இப்படி அந்தத் தாளத் தடவிக்கிட்டே இருக்காத.

— உங்களுக்குத்தான் கேக்கலயே அக்கா, எங்க முகத்தயாவது பாருங்க.

— லேத்துக்காரரே, நீங்க உட்காருங்க. முதல்ல உங்ககிட்டதான் பேசணும். நீங்க கீல் கடையிறீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அண்ணனுக்காக எட்டு மாசமா வாயத் திறக்காம இருந்துட்டேன். இந்த லெட்டர வாங்கிக்கிற யோக்கியதை எனக்கு இல்ல, திருப்பி எடுத்துக்கோங்க. விசாரணைக் குழுவுக்கு இன்னைக்கே எழுதுறேன், என் கையாலயே.

— என்ன சார் சொல்றாங்க? எனக்கு ஒண்ணும் புரியல.

— எனக்கும் புரியல. பாப்பா, உனக்கு என்ன தெரியும்?

— அண்ணா, அழாத. அன்னைக்கு நீ சீட்ட மேசையில வச்சுட்டு நாற்காலி எடுக்கப் போனல்ல, அப்ப நானும் படிச்சேன். வேண்டாம்னு நல்லாத்தான் தெரிஞ்சுது. நீ நாற்காலியக் கொண்டு வந்து துப்பாக்கிக்குப் பக்கத்துலயே போட்ட. அண்ணன் போட்ட இடம் பத்திரமாத்தான் இருக்கும்னு உட்கார்ந்தேன்.