எட்டு மணிக்கு எந்த பாட்டில்

— வேண்டாம்னா விடுங்களேன். நாலு தடவை சொல்லியாச்சு, இன்னைக்கு அந்த பாட்டிலை வெளிய எடுக்காதீங்க.

— இளவரசி, நீ ஒண்ணு புரிஞ்சுக்க. பாயிண்ட் நம்பர் ஒண்ணு, என் பொண்டாட்டி டிவில வர்றா. பாயிண்ட் நம்பர் ரெண்டு, மேல் மாடிலேருந்து அனந்தகிருஷ்ணன் சார் குடும்பத்தோட வர்றார். பாயிண்ட் நம்பர் மூணு, இந்த ராஜவேல் வீட்ல டிவி பாக்க உக்காந்தா டம்ளர்ல என்ன இருக்கும்னு அந்த மனுஷனுக்கு நல்லாத் தெரியும். இதுல வேண்டாங்கறது எங்கேருந்து வருது?

— டீ போட்டுத் தாரேன். வெங்காய பஜ்ஜி போடுதேன்.

— டீயா? டீயை வச்சுகிட்டு எவனாவது எபிசோட் பார்ப்பானா? இந்த நோட்டைப் பாரு, ஆறு மாசமா எழுதி வச்சிருக்கேன். மேட்சுக்கு கோதுமை பீர், லேசா, நாள் முழுக்கத் தாங்கும். மாமியார் மருமக சீரியலுக்கு கறுப்பு, கசப்பு கொஞ்சம் தூக்கலா. ஞாயித்துக்கிழமை பாட்டுப் போட்டிக்கு இஞ்சி தட்டிப் போட்டது. கடையில வாங்கி ஊத்தறதில்ல இது. பார்லியை நானே மொளை கட்டி, மொட்டை மாடில காய வச்சு...

— காய வச்சது நீங்க. அது என்ன தானியம்னு பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மா கேட்டப்போ, சத்துமாவுக்குன்னு பொய் சொன்னது நான். அதையும் நோட்டுல எழுதியிருக்கீங்களா?

— அச்சா, அதை விடு. நீ அங்க என்ன சமைச்சேன்னு இப்பவாவது சொல்லு. ஷூட்டிங் முடிஞ்சு இருபது நாளாச்சு, வாயைத் திறக்க மாட்டேங்கற. ஐட்டம் என்னன்னு தெரிஞ்சாத்தானே எந்த பாட்டில்னு முடிவு பண்ண முடியும். காரமா, இனிப்பா?

— இருபது நாளா அது ஒண்ணுதான் கேக்குதீங்க.

— வேற என்ன கேக்கணும்?

— ஒண்ணுமில்ல. நாற்காலியை அப்படித் தரையில இழுக்காதீங்க, கீழ் வீட்டுக்காரி வந்துருவா.

— வந்தா அவளும் உக்காந்து பாக்கட்டும். இரு, இண்டர்காம் அடிக்குது. ஹலோ, சொல்லுங்க சார். ஆமா சார், எட்டு மணிக்குத்தான். நம்ம செக்ஷன் வேணுவும் வர்றானா? அவன் வீட்டம்மாவுமா? வரட்டும் சார், இடம் நிறைய இருக்கு. என்ன சார்? ஓ, அதுவா. வச்சிருக்கேன் சார். அதே குர்காவ்ன் மால்ல பிடிச்சதுதான், கண்ணு முன்னாடியே காய்ச்சித் தர்றானே, அங்கதான். சரி சார். ஜல்தி வந்துடுங்க சார்.

— இன்னும் குர்காவ்ன் மால்னேதான் சொல்லுதீங்க.

— பின்ன, எங்க வீட்டு பாத்ரூம்ல பக்கெட்டுல பொங்கினது சார்னு சொல்லச் சொல்றியா? நான் உத்தியோகம் பாக்கறது கலால் ஆபீஸ்ல. லைசன்ஸ் இல்லாம வீட்ல காய்ச்சறவனுக்கு நோட்டீஸ் டைப் அடிக்கிற செக்ஷன். அவர் அந்த செக்ஷனுக்கே ஆபீசர். அடுத்த வாரம் ப்ரமோஷன் கமிட்டி உக்காருது, அவர் எழுதற ரிப்போர்ட்தான் எனக்கு எல்லாம். பத்தொன்பது வருஷம் இளவரசி. எனக்கு அப்புறம் வந்து சேந்த கலியமூர்த்தி கேபின்ல உக்காந்து பெல் அடிக்கறான், நான் எழுந்து போறேன்.

— அது தெரிஞ்சுதான் சொல்லுதேன். அவங்களை வரவேண்டாம்னுருங்க. எனக்கு காய்ச்சல்னு சொல்லுங்க. இல்ல, கரண்ட் போயிட்டுன்னு சொல்லுங்க.

— அதே பில்டிங்ல மேல் மாடில இருக்கற ஆளுகிட்ட கரண்ட் போச்சுன்னு சொல்லணுமா? என்ன ஆச்சு உனக்கு? திங்கட்கிழமைலேருந்து ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கற. அடுப்படிக்கும் பால்கனிக்கும் நடந்துகிட்டே இருக்க. ராத்திரி எழுந்து பாத்தா ஜன்னல் பக்கத்துல நிக்கற.

— இருப்புக்கொள்ளலை.

— டிவில மூஞ்சி எப்படி வருமோன்னு பயமா? லட்சணமாத்தான் வரும். உனக்காக ஆபீஸ்ல எழுத்து மூலமா பர்மிஷன் வாங்கினவன் நான். என் மனைவி தொலைக்காட்சி சமையல் நிகழ்ச்சியில் பங்கேற்க அனுமதி வேண்டும்னு ஃபைல் திறந்து, நம்பர் போட்டு, மூணு கையெழுத்து.

— யாரும் கேக்கலை. நீங்களா போய் எழுதிக் குடுத்தீங்க. இப்போ ஆபீஸ் பூரா தேதியும் நேரமும் தெரிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

— தெரியட்டுமே. பெருமைதானே? உன் எபிசோடுக்குன்னு தனியா ஒண்ணு போட்டிருக்கேன், தெரியுமா? கொத்தமல்லி விதை, நாக்பூர் ஆரஞ்சுத் தோல். பேரு கூட வச்சாச்சு, இளவரசி நம்பர் ஒண்ணு. சிரிக்காத.

— சிரிக்கலைங்க.

— அப்புறம் ஏன் அப்படிப் பாக்கற?

— ஆப்பம்.

— என்னது?

— நான் அங்க செஞ்சது. ஆப்பமும் தேங்காப்பாலும்.

— ஷாபாஷ். இதைச் சொல்ல இருபது நாளா? தேங்காப்பாலுக்கு அந்த ஆரஞ்சு அப்படிப் பொருந்தும் பாரு. நாலு பாட்டில் இருக்கு, சாருக்கு ரெண்டு...

— மூணுதான் இருக்கும். ஒண்ணை நான் எடுத்துட்டுப் போனேன்.

— எங்க?

— நொய்டாவுக்கு, ஸ்டூடியோவுக்கு. எங்க திருநெல்வேலிப் பக்கம் ஆப்ப மாவுக்குக் கள்ளு ஊத்துவாங்க. டெல்லியில கள்ளுக்கு எங்க போக? ஈஸ்ட் போட்டா எனக்கு அந்த வாடை பிடிக்காது. உங்க பாட்டில் அடியில கலங்கலா ஒண்ணு நிக்குதுல்லா, நீங்க கீழ கொட்டுவீங்களே, அதை ஒரு நாள் மாவுல ஊத்திப் பாத்தேன். மறுநாள் பாத்திரத்தைத் தாண்டிப் பொங்கி நிக்குது. ரெண்டு மாசமா நீங்க திங்குத ஆப்பம் அதுதான்.

— அடிப்பாவி. அதான் ஓரமெல்லாம் சல்லடை மாதிரி மொறுமொறுன்னு வருதா? சரி, ஊத்தினே. மாவுக்குள்ள போனது யாருக்குத் தெரியப் போகுது.

— முழுசாக் கேளுங்க. அங்க வந்த செஃப் பெரிய ஹோட்டல்ல முப்பது வருஷம் இருந்தவராம். ஒரு வாய் வச்சாரு. ஓரத்தைப் பிச்சுப் பிச்சு முழுசையும் தின்னுட்டு, இன்னொண்ணு ஊத்தச் சொல்லி நின்னுக்கிட்டே தின்னாரு. நானும் எத்தனையோ வருஷமா ஊத்துதேன், எனக்கு இப்படி வந்ததே இல்ல, இது எப்படின்னு என்கிட்ட கேக்காரு. என்கிட்டங்க. கல்யாணமாகி பதினாறு வருஷத்துல ஒரு ஆளு என்கிட்ட வந்து இது எப்படிச் செஞ்சேன்னு கேட்டதில்ல. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை.

— சரி சரி. நீ என்ன சொன்னே?

— உள்ளதைச் சொன்னேன்.

— உள்ளதுன்னா?

— மேரே பதி கர் மே பனாத்தே ஹைன்னு. எங்க வீட்டுக்காரரு வீட்லயே காய்ச்சுதாருன்னு.

— கேமரா ஓடும்போதா?

— ஓடும்போதுதான். பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். ராஜவேல்னு பேரு சொன்னேன், நம்ம ஏரியா துவாரகான்னும் சொன்னேன். அவரு வாங்கி மோந்து பாத்துட்டு, ரெண்டு சொட்டு நாக்குல விட்டுப் பாத்துட்டு, உங்க வீட்டுக்காரரு கெட்டிக்காரரும்மான்னாரு. எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சுங்க. அந்த ஆபீஸ்ல இத்தனை வருஷத்துல ஒருத்தராவது உங்களைக் கெட்டிக்காரன்னு சொன்னது உண்டா?

— இளவரசி, இளவரசி.

— வெளிய வந்து பஸ் ஏறி உக்காந்த பொறவுதான் உறைச்சுது.

— மணி என்ன ஆச்சு?

— ஏழு நாப்பத்தஞ்சு.

— பக்கெட்டை எடு. குழாய், மூடி, அந்த பார்லி மூட்டை, எல்லாத்தையும் லாஃப்ட்ல ஏத்து. இல்ல, ஏத்தி என்ன பிரயோஜனம்? அவரே இங்க வந்து, என் சோபாவுல உக்காந்து, அதையே குடிச்சுகிட்டே அதைப் பார்ப்பார். ஆறு மாசமா குர்காவ்ன் மால்னு சொல்லிச் சொல்லி ஊத்தியிருக்கேன், அவரையும் சேத்து மாட்டி விட்டுட்டேன். ப்ரமோஷன் கிடக்கட்டும், சஸ்பென்ஷன் ஆர்டரை அவர் கையாலயே எழுதுவார். இருபது நாளா இதை வயித்துக்குள்ள வச்சுகிட்டு இருந்திருக்கியே, ஏன்டி சொல்லலை?

— சொல்ல வரும்போதெல்லாம் காரமா இனிப்பான்னு கேட்டீங்க.

— விளையாடாத. அந்த ப்ரோக்ராம் பண்ற பொண்ணு, சிந்து, தமிழ்ப் பொண்ணுதானே? அவளுக்கு ஃபோன் பண்ணி அந்த இடத்தை மட்டும் வெட்டும்மான்னு கேட்டியா?

— திங்கக்கிழமை கேட்டேன்.

— என்ன சொன்னா?

— அந்த வார்த்தையை மட்டும் எடுக்க முடியாதாம். பாட்டில் எல்லா ஷாட்லயும் மேசை மேல நிக்குதாம். நான் ஊத்துதது வருது, செஃப் பேசுதது பூரா அதைப் பத்திதான். எடுத்தா என்னோட எட்டு நிமிஷத்தையும் எடுக்கணும், மத்த ரெண்டு பொம்பளைங்களை வச்சு ஒப்பேத்திருவோம்னா. வச்சா எல்லாத்தையும் வைக்கணுமாம். ஆன்ட்டி, இருக்கறதுலயே உங்களுதுதான் நல்லா வந்திருக்கு, வீட்ல யோசிச்சுட்டு அரை மணி நேரத்துல சொல்லுங்கன்னா.

— இதுல யோசிக்க என்ன இருக்கு?

— ஒண்ணுமே இல்லையா?

— என்ன இருக்குங்கறேன். எடுத்துடும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியதுதானே? எட்டு நிமிஷம். ஆப்பம் ஊத்தறதுக்கு வேற சேனல் கிடைக்கும், எனக்கு வேற வேலை கிடைக்குமா? இந்த வயசுல எவன் குடுப்பான்? என்னைக் கேட்டிருந்தா அந்த நொடியே சொல்லியிருப்பேன், முழுசா எடுத்துக் கடாசுன்னு.

— அந்த நொடியே.

— ஆமா, அந்த நொடியே. டிவில மூஞ்சி தெரியணும்கற ஆசையில புருஷன் சோத்துல மண்ணைப் போட்டுட்டு நிக்கற. என்னைப் பத்தி ஒரு நிமிஷமாவது நினைச்சியா நீ?

— ஒரு நிமிஷம் இல்ல, அரை மணி நேரமும் நினைச்சேன். ஃபோனைக் கையிலயே வச்சுக்கிட்டு பால்கனியில நின்னேன். நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்கன்னுதான் நினைச்சேன். இரு இளவரசி, பாப்போம், அவ்வளவு பேரு உன்னைப் பாக்கட்டுமேன்னு ஒரு பேச்சுக்காவது சொல்லுவீங்கன்னு பட்டுது.

— பேச்சுக்கு என்ன, ஆயிரம் சொல்லலாம். பெல் அடிக்குது. வந்துட்டாங்க. இப்ப என்ன பண்ண? கேபிள் ஒயரைப் பிடுங்கிடவா? டிவி ரிப்பேர்னு சொல்லிடவா? வாயைத் திறந்து சொல்லேன், இளவரசி.

— ஒண்ணையும் பிடுங்க வேண்டாம். அப்படிப் பட்டதாலதான் எடுத்துருங்கன்னு அன்னைக்கே சிந்துகிட்ட சொல்லிட்டேன், எட்டு நிமிஷத்தையும். போய்க் கதவைத் திறங்க, இன்னைக்கு நான் டிவியில வரமாட்டேன்னு உங்க சாருகிட்ட நீங்களே சொல்லிருங்க.