குழாய் இன்னும் சொட்டுதா?

அக்கா: இன்னுமாடா இந்தக் குழாய் சொட்டுது?

தம்பி: சொட்டினா என்ன? அடியில பக்கெட் இருக்குல்ல.

அக்கா: தெருவுல ஒருத்தர் வீட்டு மிக்சி, ஃபேனையும் விடாம பிரிச்சு மாட்டறே. சொந்த வீட்டுச் சமையல்கட்டுல ஒரு வாஷர் மாத்தத் துப்பில்ல!

தம்பி: வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா... மணி நாலாச்சுக்கா.

அக்கா: தெரியும். அஞ்சுக்குள்ள எந்தக் காலேஜுன்னு சொல்லணும். அப்பா போன் போட்டுப் புலம்பித்தானே ஓடி வந்தேன். ரெண்டு இடத்துல சீட்டு கிடைச்சவன் மூஞ்சியாடா இது?

தம்பி: முடிவு பண்ணியாச்சு. பெரிய காலேஜ். நீ படிச்சது.

அக்கா: ம்... அந்தச் சின்னதுக்குப் போய்ப் பாத்தியே?

தம்பி: பாத்தேன். ஒரே ஒரு பட்டறை, தகரக் கூரை. பட்டறை மாஸ்டர் மார்க்கே கேக்கல. கையைக் காட்டுன்னாரு. காய்ப்பைப் பாத்துட்டு, வா தம்பின்னு இரும்பு கடையற லேத் மிஷின்ல நிக்க வச்சிட்டாரு. நேரம் போனதே தெரியலக்கா. கடைசி பஸ்ஸை விட்டுட்டேன்...

அக்கா: பாரு, சொல்றப்பவே மூஞ்சி மாறுது. பெரிய காலேஜ்ல?

தம்பி: கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷின். ரெண்டு வருஷத்துக்கு யாரும் தொடக்கூடாதாம்.

அக்கா: அப்புறம் என்னடா யோசனை?

தம்பி: யோசனையே இல்லன்னுதானே சொல்றேன். பெரியதுதான். இந்த டப்பா ஞாபகம் இருக்கா?

அக்கா: பழைய பிஸ்கட் டப்பா... அய்யய்யோ! என் லெட்டரா? எல்லாமேவா வச்சிருக்கே?

தம்பி: நீ போறப்ப எனக்கு ஏழு வயசு. போன் வந்தா அம்மா குடுக்கவே மாட்டாங்க. எனக்குன்னு வந்தது இதுதானே. கேளு... "நூலகம் ஏழு மாடி. உச்சியில நின்னா நம்ம வீட்டு மொட்டைமாடியே தெரியுது."

அக்கா: சும்மா அளந்து விட்டது...

தம்பி: நான் நம்பிட்டேன். தினம் சாயங்காலம் மொட்டைமாடியில நின்னு கையாட்டினேன். மூணு மாசம்!

அக்கா: அட லூசுப் பயலே...

தம்பி: பக்கத்து வீட்டு டெய்லர் மாமா, தனக்குத்தான் ஆட்டறேன்னு நினைச்சு அவரும் ஆட்டுவாரு.

அக்கா: சிரிக்க வைக்காதடா, வயிறு வலிக்குது.

தம்பி: அப்புறம் உன் பிரெண்டு சுருட்டமுடி. "இன்னிக்கு சுருட்டமுடி என்னைச் சிரிக்க வச்சே கொன்னுட்டா." நான்கூட அவளுக்குப் படம் வரைஞ்சு அனுப்பினேனே...

அக்கா: யானை.

தம்பி: குதிரைக்கா அது! அவகிட்ட குடுத்தியா இல்லியா?

அக்கா: என்கிட்டதான் இருக்கு. அந்தக் காலேஜ் வேணாம்டா.

தம்பி: ஏன்?

அக்கா: சுருட்டமுடின்னு ஒருத்தி இருந்தா. முன் பெஞ்சுல. நாலு வருஷமும் அவ முதுகைத்தான் பாத்தேன். ஒரு வார்த்தை பேசினதில்ல. காலேஜ் மேல குத்தம் இல்ல. நல்ல காலேஜ்தான். எனக்குத்தான் ஒட்டல. செடி கொடி படிக்கணும்னு நானும் ஒரு சின்னக் காலேஜ் பாத்து வச்சிருந்தேன். பெரிய இடத்துல சீட்டு வந்ததும் அப்பா தெரு பூரா சொல்லிட்டாரு. வாய் திறக்க முடியல. ஏழாவது மாடி படிக்கட்டுலதான் தனியா உக்காந்து சாப்பிடுவேன்.

தம்பி: அதான் லெட்டரா...

அக்கா: போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினா குரல் காட்டிக் குடுத்துடுமே. நாலு வருஷம் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சேன். நீ அதை நம்பி அங்க போய் நின்னா எனக்குத் தாங்காதுடா.

தம்பி: நான் நம்பல.

அக்கா: என்னது?

தம்பி: ஏழு வயசுல நம்பினேன். பத்து வயசுல எல்லாத்தையும் திரும்பப் படிச்சேன். அப்பவே தெரிஞ்சு போச்சு.

அக்கா: அடப்பாவி! தெரிஞ்சுமா அங்க போறேன்னு நிக்கறே?

தம்பி: நீ அவ்வளவு புகழ்ந்த இடத்தை நான் வேணாம்னு சொன்னா, ஏன்டான்னு அப்பா குடைவாரு. உன் விஷயமும் வெளிய வந்துடும். நீ மறைச்சதை நான் எப்படிக்கா சொல்றது?

அக்கா: எனக்காக உன் நாலு வருஷத்தையும் படிக்கட்டுல உக்காத்தி வைப்பியா? அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். போனை எடு. பதிலை அனுப்பு.

தம்பி: ...அனுப்பிட்டேன்.

அக்கா: எது?

தம்பி: தகரக் கூரை.

அக்கா: அப்பாடா... இப்ப சொல்லு. அவ்வளவு ஜோடிச்சு எழுதியிருந்தேனே, எப்படிடா கண்டுபிடிச்சே?

தம்பி: மூணு பக்கம் பீத்திக்குவே. ஆனா ஒவ்வொரு லெட்டர்லயும் கடைசி வரி ஒண்ணுதான்... "சமையல்கட்டுக் குழாய் இன்னும் சொட்டுதா?" சந்தோஷமா இருக்கறவளுக்குக் குழாய் ஞாபகம் எதுக்கு? நீ வீட்டைத் தேடறேன்னு புரிஞ்சுது. வர்றப்ப அது அப்படியே இருக்கணும்னுதான், அப்பா புது வாஷர் போடறப்பல்லாம் நான் கழட்டிட்டுப் பழசையே மாட்டிடுவேன். இன்னிக்குச் சரி பண்ணிடறேன், ஸ்பானரை எடு. அங்க போயி நானும் உனக்கு லெட்டர் போடறேன். அதுல குழாயைப் பத்தி ஒரு வார்த்தை இல்லன்னா, நான் நல்லா இருக்கேன்னு வச்சுக்க.