சீர் கட்டிவந்த துணி

— வாங்கி உள்ள வெச்சுக்கோங்க பீவிம்மா. துணி ஒங்க வீட்டுது.

— நான் கேட்டனா அம்மணி? புள்ள பொறந்த சந்தோசத்துல சட்டையும் கருப்பட்டியும் அதுல கட்டி அனுப்பினேன். திருப்பிக் குடுன்னா சொன்னேன்?

— நீங்க சொல்லுவீங்களா? சீர் கட்டி வந்த துணி வூடு திரும்பணும். வெறுந்துணியா திரும்பக் கூடாதுன்றதும் தெரியும். ஒரு பிடி எறாலாச்சும் முடிஞ்சு குடுக்கலாம்னு பார்த்தேன். ஏரியில கைய வுட்டா சேறுதான் வருது.

— யா அல்லா! மழையில்லாம ஊரே சுருண்டு கெடக்கு, இவ எறாலுக்கு வருத்தப்படுறா. இந்த வெயில்ல பசியாவரம் குப்பத்துலேந்து இதுக்கா வந்தே? அப்புறமா வந்தா ஆவாதா?

— அப்புறம்னு ஒண்ணு ஏது பீவிம்மா? நாளைக்குக் கப்பலு கெளம்புது.

— ஒல்லாந்தாக்காரன் கப்பலா? அடிப்பாவி, நீயுமா ஒன்ன வித்துக்கிட்டே?

— எங்க ஊட்டுக்காரரு முந்தியே அவன் கோட்டைக்குள்ள பூந்துட்டாரு. உள்ள கஞ்சியாச்சும் ஊத்துறான். வெளிய இன்னா கீது? நானும் சரின்னுட்டேன். இருட்டறதுக்குள்ள வரச் சொல்லிக்கீறான்.

— போனவங்க ஒருத்தராச்சும் திரும்பி வந்தாங்களாடி? எங்க வூட்டுல அவுங்க அந்தக் கப்பல்லதான் சாயத்துணி ஏத்துறாங்க. அடித்தட்டுல மனுசங்கள அடைச்சு வெச்சிருக்கிறத பார்த்துட்டு வந்து, சோத்துல கை வெக்காம படுத்துட்டாங்க.

— அவுரு பார்த்தாரு. வந்து படுத்துட்டாரு. கப்பலு நிக்கவா போவுது?

— நீ சொல்றதும் நாயந்தான். எங்க வூட்டுச் சோறும் அந்தக் கப்பல்லதான் வருது. இரு, அவுங்கள வுட்டு கோட்டையில பேசச் சொல்றேன். ஒன்ன மட்டுமாச்சும் வுட்டுருவாங்க.

— வேணாம் பீவிம்மா. எங்க ஊட்டுக்காரரும் போயிட்டா, இங்க யாருக்காக இருக்கச் சொல்றீங்க?

— யாருக்காகவா? பச்சப் புள்ளைக்காகடி! அது அந்த இருட்டுல மூச்சு முட்டணுமா? என் பேச்சக் கேளு. புள்ளைய எங்கிட்ட குடுத்துட்டுப் போ. பேர மாத்த மாட்டேன், சாமிய மாத்த மாட்டேன், அல்லா மேல ஆணை. என் புள்ளைங்க குடிக்கிறதுல அதுவும் ஒரு வாய் குடிக்கட்டும். ஆமா, யாராண்ட வுட்டுட்டு வந்தே புள்ளைய?

— காலையில முகத்துவாரத்தாண்ட பொதைச்சுட்டேன் பீவிம்மா. இந்தத் துணியிலதான் சுத்தி எடுத்துக்கினு போனேன். குழியில வெக்கிறப்போ, ஒங்களுதாச்சேன்னு அவுத்துக்கினேன்.