ராடிம் அழித்த வரி

ராடிம்: ...அதான் சொல்றேன் ஹெட்விகா, ஃபைல் எல்லாம் கெட்டுப்போறதுக்குத் தப்பு லுபோர் மேல இல்ல. என் மேல.

ஹெட்விகா: மெதுவாப் பேசுடா, பாதி ஆபீஸ் இந்த கேன்டீன்லதான் இருக்கு. முதல்ல சாப்பிடு, ஆறுது.

ராடிம்: இறங்கல. நாலு மாசம் முந்தி நம்ம ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கெர்னல்ல, பைப் பகுதியோட புரோகிராமை நான் சுருக்கினேனே...

ஹெட்விகா: நூத்தம்பது வரியைத் தூக்கிட்டேன்னு எல்லாருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தியே, மறக்குமா?

ராடிம்: அதுல ஒண்ணு, தூக்கவே கூடாத வரி. ஒரு புரோகிராம் அனுப்புற டேட்டாவை இன்னொண்ணு எடுக்குற வரைக்கும் பஃபர்னு ஒரு தற்காலிக இடத்துல வைக்கிறோம்ல...

ஹெட்விகா: எனக்கே பாடமா?

ராடிம்: கேளேன்! அந்த பஃபரை மறுபடி எடுக்கிறப்போ பழைய டேட்டாவோட அடையாளத்தை அழிக்கிற வரி அது. அது இல்லாததால, கழுவாத தட்டுல அடுத்த ஆளுக்குப் பரிமாறின கதை. ஒருத்தர் ஃபைல்ல இன்னொருத்தர் எழுத்து! நேத்து அந்த வரியைத் திரும்பப் போட்டேன், கோளாறு நின்னுடுச்சு.

ஹெட்விகா: அந்த வரி எதுக்குன்னு ஒரு குறிப்புகூட இல்லையேடா...

ராடிம்: புரியலன்னா கேட்டிருக்கணும். 'தேவையில்லை'ன்னு எழுதி எடுத்துட்டேன். மெயிலிங் லிஸ்ட்ல எல்லாரும், அதுக்கப்புறம் லுபோர் செஞ்ச திருத்தத்தை, அவரோட பேட்ச்சைத்தான் குறை சொல்லிக் கிழிச்சாங்க. பதினெட்டு வருஷம் அவரு பாத்த கெர்னல் பொறுப்பு, போன மாசம் விட்டுட்டுப் போயிட்டாரு.

ஹெட்விகா: அது... தன்னோட திராட்சைத் தோட்டத்தைப் பாத்துக்கணும்னு சொன்னாரே...

ராடிம்: நீ நம்புறியா அதை?

ஹெட்விகா: ...இல்ல.

ராடிம்: லிஸ்ட்டுக்கு எல்லாத்தையும் எழுதிட்டேன்.

ஹெட்விகா: அனுப்பிடாத! ரெண்டு நாள் பொறு.

ராடிம்: காலைலயே அனுப்பியாச்சு.

ஹெட்விகா: ஐயோ... என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? நீ போட்ட பேட்ச்ல சரிபார்த்தது நான்னு என் பேரு இருக்கே!

ராடிம்: பயப்படாத. நான்தான் அவசரப்படுத்தினேன், உன்னைப் படிக்க விடலன்னு எழுதியிருக்கேன்.

ஹெட்விகா: நீ எங்க அவசரப்படுத்தின? மூணு வாரம் கொடுத்த. நான் திறந்துகூடப் பாக்கல. ராடிம் எழுதினா சரியா இருக்கும்னு பேரைப் போட்டுட்டேன்.

ராடிம்: தெரியும். நானும் மத்தவங்களுக்கு அப்படிப் போட்டிருக்கேன்.

ஹெட்விகா: உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு.

ராடிம்: என்ன?

ஹெட்விகா: போறதுக்கு முந்தின நாள் லுபோர் என் மேசைக்கு வந்தாரு. "ராடிம் எடுத்த அந்த ஒரு வரி... அதை நீ பாத்தியாம்மா?"ன்னு கேட்டாரு. பாத்தேன்னு சொன்னேன்டா. "நீ பாத்திருந்தா சரி... அப்ப தப்பு என்னோடதாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டுப் போனாரு.