தேய்க்காத பூட்டு

காற்றடிக்கும் பக்கம் சாயாத மனிதர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர் என்று வைத்துக்கொண்டால், அதில் ஒருவன் நான். இன்னொருவரை எனக்குத் தெரியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை மேடம். வாக்குமூலத்தில் பெயர், வயது, தொழில் மூன்றும் வேண்டும் என்றீர்கள். முதல் இரண்டும் எழுதியாகிவிட்டது. இது தொழில்.

ஊரே ஒரு பாட்டை முணுமுணுத்தால் நான் முணுமுணுக்க மாட்டேன்; எத்தனை பேர் முணுமுணுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். பஸ்ஸில் ஒருவர் போனில் எதையோ பார்த்து அழுவார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் அழுவார். என்ன சங்கதி என்றே தெரியாமல் மூன்றாவது ஆளும் மூக்கை உறிஞ்சுவார். முதல் ஆளைக்கூட மன்னித்துவிடுவேன். அந்த மூன்றாவது ஆளைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

என் அக்காவின் கணவர் மேஜிக்காரர். மாமா மேடையேறி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஆளைப் பெட்டியில் அடைத்து வெளியே பூட்டிவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் வெளியே வந்து நிற்பார். அதுதான் அவருடைய பேர்போன வித்தை. பூட்டுவது அக்கா. பகலில் அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். விடுமுறை நாட்களில் மினுமினுக்கிற சட்டை போட்டுக்கொண்டு கணவரைப் பூட்டுவாள். குழந்தை இல்லை. ஒரு முயல் இருந்தது.

மாமாவுக்கு ஒரு பாட்காஸ்ட் ஆரம்பிக்கலாம் என்று நான் சொன்னபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணால பாத்தாலே எவனும் நம்ப மாட்டேங்கறான். காதால கேட்டு நம்பப் போறானாடா?”

“மேஜிக்கை யாருக்கா கேக்கப் போறா? மாமா பேசறதைக் கேப்பாங்க.”

“அவரு பேசறதை நானே கேக்கறதில்ல.”

“அது உண்மைதான் மச்சான்” என்றார் மாமா, மடித்த துணிகளை அலமாரியில் வைத்தபடி. அவர் எதற்கும் கோபப்பட மாட்டார். இந்த வழக்கில் அது ஒரு முக்கியமான விவரம்.

முதல் ஆறு அத்தியாயங்களை மாமாவின் இஷ்டத்துக்கு விட்டேன். சீட்டுக்கட்டு உலகத்துக்கு வந்த கதையை ஐம்பது நிமிடம் சொன்னார். நாற்பத்தொரு பேர் கேட்டார்கள். அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அவர்களிலும் பலர் தூக்கம் வருவதற்காகக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். ஏழாவதிலிருந்து திட்டமிடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

என் முறை எளிமையானது. திங்கள் காலை ஒரு தாளை இரண்டாகப் பிரிப்பேன். இடது பக்கம் அந்த வாரம் எல்லோரும் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எழுதுவேன். வலது பக்கம் ஒரே கேள்வி: ‘இதில் மாமா எங்கே?’

ஐஸ் தண்ணீரில் உட்காருவது பரவிய வாரம் மாமாவை ஐஸ் தொட்டியில் உட்காரவைத்துச் சீட்டு வித்தை செய்யச் சொன்னேன். எந்தச் சீட்டு வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பற்கள் தந்தியடித்த சத்தம் மட்டும் அருமையாகப் பதிவானது. நாலாயிரம் பேர். பிறகு, வீட்டில் இருப்பதையெல்லாம் தானம் செய்துவிட்டு வெறும் தரையில் வாழ்வது பரவியது. மாமாவின் தொப்பி, பட்டுத்துணிகள், முயல் எல்லாம் ஒரே அத்தியாயத்தில் போய்விட்டன. முயலை ஒரு நேயரிடம் கொடுத்த இடத்தில் மாமா பதினோரு விநாடி பேசவில்லை. அதை நான்காகக் குறைத்தேன். பதினோரு விநாடி மௌனத்தை யாரும் தாங்க மாட்டார்கள் மேடம், அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுவார்கள்.

அடுத்து ஒரு நட்சத்திரத் தம்பதி பிரிந்தார்கள். இடது பக்கத்தில் வேறு எதையும் எழுத இடமே இல்லை. அக்காவும் மாமாவும் ஒரு வாரம் பிரிந்திருந்தால் போதும் என்றேன். ஒரே வாரம்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “உனக்கு மண்டையில ஏதாவது இருக்காடா?”

“சும்மா பேருக்குத்தான்கா.”

“பேருக்குக்கூட முடியாது. எழுந்து போ.”

மாமாவும் முடியாது என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு வருத்தமாக இருந்தது. நான் யாருக்காக இவ்வளவும் செய்தேன்?

அதற்கடுத்த திங்கள்கிழமை, அதிகம் கேட்கப்படும் பாட்காஸ்ட்களின் பட்டியலில் முதல் பத்தில் ஏழு நிகழ்ச்சிகள் காணாமல் போனவர்களைப் பற்றியவை. ஒன்றில் ஒரு கணக்காளர் காணாமல் போயிருந்தார். கணக்காளரே காணாமல் போகும்போது, காணாமல் போவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பது எனக்கு அநியாயமாகப் பட்டது. மாமாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“மூணே நாள் மாமா. என் வீட்டு உள்ரூம்ல இருங்க. நாலாவது நாள் ‘மாயமாய் மறைந்தவர் திரும்பி வந்தார்’னு போட்டுடலாம்.”

“உங்க அக்காகிட்ட சொல்லணுமே. பயந்துடுவா.”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னா?”

“சிரிச்சா. சமத்தா இருக்கச் சொன்னா.”

அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் குரலில் அந்தப் பதற்றம் வந்திருக்காது. அவள் மேடையில் நன்றாகச் சிரிப்பாள். நடிப்பு வராது.

உள்ரூம் என்பது என் பதிவறை. ஜன்னலை அடைத்து நாலு சுவரிலும் மெத்தையும் கம்பளியும் ஆணியடித்திருக்கிறேன். ஒட்டினாற்போல் குளியலறை உண்டு. இதைக் குறிப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். முன்பு குடியிருந்தவர் பூனைக்காகக் கதவின் அடியில் ஒரு சின்ன வழி வெட்டியிருந்தார். சாப்பாட்டுத் தட்டு தாராளமாகப் போகும். மூன்று வேளையும் கொடுத்தேன். மாமாவே உள்ளே போனார். போனை என்னிடம் கொடுத்தார். நான் வெளியே பூட்டினேன்.

மறுநாளே மாமாவைக் காணோம் என்று அக்காவின் பதறிய குரலோடு ஒரு அத்தியாயம் வெளியிட்டேன். மூன்றாவது நாள் தொண்ணூறாயிரம் பேர். பட்டியலில் நாலாவது இடம். அந்த நிலைமையில் யாராவது கதவைத் திறப்பார்களா என்று நீங்களே சொல்லுங்கள்.

நாலாவது நாள் காலையில் மாமா பூனை வழியாகக் கேட்டார்: “மச்சான், இன்னிக்குத்தானே?”

“சின்ன மாற்றம் மாமா. இன்னும் ரெண்டு நாள்.”

“அவ என்ன சொல்றா?”

“ஒண்ணும் சொல்லல.”

அதன் பிறகு பூனை வழியைச் சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரங்களில் கம்பளியால் அடைத்து வைத்தேன். மாமா கத்திப் பார்த்திருக்கிறார். பிறகு தட்ட ஆரம்பித்திருக்கிறார். உள்ளே இருக்கும் மைக்கை நான் ஒருபோதும் நிறுத்துவதில்லை, அதனால் எனக்குத் தெரியும். நான் கவலைப்படவில்லை. பூட்டிலிருந்து தப்பிப்பதையே இருபத்திரண்டு வருடம் பிழைப்பாக வைத்திருக்கும் ஒருவரைப் பூட்டி வைத்தால் அது எப்படிச் சிறையாகும்? மீனைக் குளத்தில் விட்டதற்கு யாராவது வழக்குப் போடுவார்களா? வெளியே வர விரும்பியிருந்தால் வந்திருப்பார். வரவில்லை என்றால் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவது நாள், அக்கா கொடுத்த புகாருக்காக நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். டீ நன்றாக இருக்கிறது என்றீர்கள். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தீர்களே, அந்தச் சுவர்தான் மேடம்.

ஒன்பதாவது நாள் எண்ணிக்கை கொஞ்சம் சரிந்தது. ஒரு பாடகர் மீசையை எடுத்துவிட்டார். அக்காவை வரச் சொல்லி, கணவருக்கு ஒரு வேண்டுகோள் பேசச் சொன்னேன். வெளியறையில் உட்கார்ந்து பேசினாள். எட்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று முகமே சொன்னது. “நான் ஏதாவது தப்பா பேசியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க. வந்துடுங்க. அலமாரில உங்க துணியெல்லாம் மடிச்சபடி அப்படியே இருக்கு” என்றாள். பிறகு அழுதுவிட்டாள்.

“ரொம்ப நல்லா வந்துச்சுக்கா” என்றேன். “ஆனா ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு. இன்னொரு தடவை போலாமா?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது தடவையும் அழுதாள். என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்று சாயங்காலம் அவள் பேச்சுக்குப் பின்னால் போட ஒரு சத்தம் தேடினேன். இசை போட்டால் மலிவாக இருந்தது. உள்ரூம் மைக்கில் பதிவானதைக் கேட்டேன். கத்தல் உதவாது, ஒலி கிழிந்துவிடும். தட்டல் பிரமாதமாக இருந்தது. மெத்தைச் சுவர் என்பதால் நெஞ்சுத் துடிப்பைப் போல மெதுவாக: இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, ஒரு தட்டு. மறுபடி இரண்டு, இடைவெளி, ஒன்று. நாள் முழுக்க அதே மாதிரிதான் தட்டியிருக்கிறார். தாளம் தவறவே இல்லை. அக்காவின் பேச்சுக்கு அடியில் அதைச் சேர்த்து வெளியிட்டேன். இரண்டு லட்சம் பேர் கேட்டார்கள். பின்னணி ஓசை உடம்பைச் சிலிர்க்க வைத்தது என்று எழுதினார்கள். நான் மேடையேறியவன் அல்ல. எனக்கு அது தாளம், அவ்வளவுதான்.

பதினோராவது நாள் காலை, அக்கா மருத்துவமனை மேஜையில் உட்கார்ந்து தன் வேண்டுகோளைத் தானே கேட்டிருக்கிறாள். பல் வலியோடு நாலு பேர் காத்திருக்க, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

மேடையில் பெட்டிக்குள் இருக்கும் மாமாவுக்குப் பூட்டு சிக்கிக்கொண்டால் அவர் கத்த முடியாது, வித்தை கெட்டுவிடும். அதனால் பெட்டியைத் தட்டுவாராம். இரண்டு, இடைவெளி, ஒன்று. ‘பூட்டு சிக்கிடுச்சு, நீ வா’ என்று அர்த்தமாம். அக்கா சிரித்துக்கொண்டே பெட்டியைச் சுற்றி வந்து கொண்டை ஊசியால் நெம்பிவிடுவாளாம். இருபத்திரண்டு வருடத்தில் ஆறேழு தடவை நடந்திருக்கிறது. சபையில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

நான் வாசல் கதவைத் திறந்ததும் அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நேராக உள்ரூம் கதவுக்குப் போய், தலையிலிருந்து ஊசியை உருவினாள். அவள் வீணாகச் சிரமப்படுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, அது ஊசிக்குத் திறக்காது. அது நிஜப் பூட்டு.”

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். “சாவி.”

“ஒரு நிமிஷம் இரு. வெளி மைக்கை ஆன் பண்ணிக்கறேன்.”

அதற்கடுத்து என் கன்னத்தில் விழுந்த அறை உள்மைக்கில் லேசாகப் பதிவாகியிருக்கிறது. சாவியை என் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள்.

மாமா பிழைத்துக்கொண்டார். ஒன்பது கிலோ குறைந்திருக்கிறார்; நாலாவது நாளுக்குப் பிறகு தட்டு பெரும்பாலும் தொடாமலே திரும்பி வந்தது, அது என் குற்றமில்லை. இப்போது வீட்டில் எந்தக் கதவையும் சாத்த விடுவதில்லையாம், குளியலறைக் கதவைக்கூட. அக்கா வாசலில் நாற்காலி போட்டுக் காவல் உட்காருகிறாளாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்ததாக வேண்டாம். மாமாவின் மேடைப் பூட்டுகளை நான்தான் வாங்கித் தருவேன். கடைக்காரர் உள்ளே இருக்கும் பல்லைத் தேய்த்துக் கொடுப்பார், இழுத்தால் திறந்துகொள்ளும். தேய்க்காத பூட்டு ஒன்றைக்கூட மாமா தன் வாழ்நாளில் திறந்ததில்லை. இது எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். இந்தத் தடவை நான் போனபோது கடைக்காரர், “வழக்கம்போலத் தேச்சுத் தரவா தம்பி?” என்று கேட்டார்.

“வேண்டாம்ணே. அப்படியே குடுங்க” என்றேன்.

எழுதிக்கொண்டீர்களா? சரி.

அக்கா நேற்று ஒரு பதிவு வெளியிட்டிருக்கிறாள் என்று சொல்லி உங்கள் போனில் போட்டுக் காட்டினீர்கள். நன்றி மேடம். ஒன்பது நிமிடம், சாதாரணப் போனில் பேசியது. தொழில்ரீதியாகச் சொன்னால் குறைகள் உண்டு. தெருவில் ஹாரன் கேட்கிறது. கடைசியில் மாமா பேசுகிறார். தொண்டை இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது.

“இருட்டோ பசியோ ஒண்ணும் பெரிசில்ல. அவளுக்குத் தெரியும்னு மச்சான் சொன்னான். தெரிஞ்சும் வரலையேன்னு… அதைத்தான் என்னால தாங்க முடியல. ஏழு நாள் அவளைக் கோவிச்சுக்கிட்டே தட்டிட்டு இருந்தேன்.”

அதன் பிறகு மௌனம். நான் எண்ணிப் பார்த்தேன், பதினாறு விநாடி. அக்கா ஒரு விநாடியைக்கூட வெட்டவில்லை.

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள், தோள் அசைந்தது. என் கண்ணிலும் தண்ணீர் வந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதை வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டாம். இரண்டு பேர் அழும்போது நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதே என்றுதான்.