மூணு ஸ்வெட்டர், ஒரு புள்ளி

— கோவிச்சுக்காதே அண்ணா. மூணு ஸ்வெட்டரும் ஒண்ணு போல வரல.

— வந்தே ஆகணும் தங்கச்சி! ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் என் பசங்க மூணு பேரும் வீட்டை ரெண்டாக்கிடுவாங்க.

— நான் என்ன பண்ண? உன் தொலைநோக்கி எடுக்கிற ஃபைலை என் பின்னல் மிஷின் சீண்டக்கூட மாட்டேங்குது. முதல்ல சாதா படமா மாத்தணும். அப்புறம் நாலே நிறமாச் சுருக்கணும். அப்புறம் கட்டம் கட்டமா, கட்டத்துக்கு ஒரு கண்ணின்னு மிஷினோட ஃபைலா மாத்தணும். முதல் தடவை வானம் வெள்ளையா, நட்சத்திரமெல்லாம் கறுப்பா வந்துச்சு. ஈ மொய்ச்ச மாதிரி!

— ஹஹ்ஹா! அதையே குடுத்திருக்கலாம்.

— சிரிப்பா இருக்கா உனக்கு?

— சிரிச்சுக்கிறேன் விடு. சாயங்காலம் தொலைநோக்கிய எடுத்துட்டுப் போக ஆள் வருது. பதினோரு வருஷம் வால்நட்சத்திரம் தேடினது போதும், துணி காயப்போட எனக்கு மாடி வேணும்னு உன் அண்ணி கறாரா சொல்லிட்டா. கடைசியா எடுத்த வானம், பசங்க மேலயாவது இருக்கட்டும்.

— அழுதுடாதே, நூல் நனையும். இங்க பாரு, இந்த மங்கல் புள்ளி.

— தூசி. கேமராவுல ஒட்டியிருக்கும்.

— தூசின்னா ஒரே இடத்துலதானே இருக்கணும்? முதல் ஸ்வெட்டர்ல தோள்கிட்ட இருக்கு. ரெண்டாவதுல நாலு கண்ணி கீழ. மூணாவதுல இன்னும் நாலு.

— ஒரே ஃபைலை மூணு தடவை பின்னலயா நீ?

— நீ குடுத்தது மூணு. ஆளுக்கொண்ணுன்னு நினைச்சேன்.

— அது ஒரே வானம்டீ, மணிக்கு ஒண்ணா எடுத்தது... மத்த நட்சத்திரமெல்லாம்?

— எதுவும் அசையல, எண்ணிட்டேன். அண்ணா, நூல்கண்டு மேல ஏன் உக்காந்துட்டே?

— இரு, இரு. போன்ல வால்நட்சத்திரம், சிறுகோள் பட்டியல்ல பாக்குறேன்... அந்த இடத்துல தெரிஞ்சது எதுவும் இல்ல. ஒண்ணுமே இல்ல! தங்கச்சி, வால்நட்சத்திரம்! புத்தம்புது வால்நட்சத்திரம்!

— ஐயோ, இறக்கி விடு! மிஷின் ஓடுது!

— கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு தேடினேன். இதை மட்டும் ஸ்வெட்டருக்குத்தானேன்னு திறந்துகூடப் பாக்கல! வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன்!

— சரி, மூச்சு விடு.

— கண்டுபிடிச்சவங்க பேரைத்தான் அதுக்கு வைப்பாங்க. உன் பேரை எழுதி அனுப்பப் போறேன்!

— என் பேரா? நான் மிஷின் கோளாறுன்னு பிரிக்கப் போனவ. நேத்து மூணையும் வரிசையா விரிச்சு வெச்சு, "பிரிக்காதே, இந்தப் புள்ளி நடந்து போகுது, உங்க அண்ணனை வரச் சொல்லு"ன்னு என் கையப் புடிச்சது அண்ணி.